கேள்வி-பதில்: பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்களுக்கு எதை வாங்குவது, எதை வாங்காமல் இருப்பது?

கேள்வி: அலுவலக நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடத் தொடங்கலாம் என்று இருக்கிறோம். மூன்று தடித்த நூல்கள் கட்டாயம் தேவை என்றும், ஒவ்வொருவரிடமும் தனிப் பிரதி இருக்க வேண்டும் என்றும் ஒரு நண்பர் சொல்கிறார். 2014, 2024 என இரண்டு பதிப்புகளும் கடைகளில் இருக்கின்றன. எதை வாங்குவது? (சென்னை வாசகர்)

பதில்: இப்போதைக்கு மூன்றில் எதையும் வாங்காதீர்கள். கேரம் பலகையையோ சதுரங்கத்தையோ போல வாங்கி விரித்தவுடன் ஆடக்கூடிய பொருள் அல்ல இது. ஒருவர் கதைச் சூழலை விவரிக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக நின்று தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல, முடிவு உறுதியில்லாத இடத்தில் பகடை உருட்டப்படுகிறது. இதுதான் ஆட்டம் முழுவதும். விவரிப்பவரைத் தமிழில் 'நடத்துநர்' என்று எழுதினால் பேருந்துதான் நினைவுக்கு வரும் என்பதால் 'கேம் மாஸ்டர்' என்றே குறிப்பிடுகிறேன். நூல்களில் இருப்பவை விதிகளும் பட்டியல்களும் படங்களும்தான். அவற்றில் பெரும்பகுதியை முதல் சில மாதங்களில் நீங்கள் புரட்டக்கூட மாட்டீர்கள்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974-இல் அமெரிக்காவில் வெளியான இந்த ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு 2014-இல் வந்தது. அதன் திருத்திய வடிவமாக ஆட்டக்காரர் கையேடும் கேம் மாஸ்டர் கையேடும் 2024-இலும், விலங்குகளுக்கும் அரக்கர்களுக்குமான தொகுப்பு 2025 பிப்ரவரியிலும் வெளிவந்தன. அமெரிக்க அட்டை விலை ஒன்றுக்கு ஏறத்தாழ 50 டாலர், ஆக மூன்றுக்கும் 150 டாலர். இங்கு வந்து சேரும்போது அதன் மேல் அனுப்பும் செலவும் வரியும் ஏறும். இறக்குமதியாகும் அச்சு நூல்களுக்கு 5 சதவீத சுங்க வரி 2019 நிதிநிலை அறிக்கையில் விதிக்கப்பட்டதை நினைவில் வைத்து விலையை ஒப்பிடுங்கள்.

இவ்வளவு செலவுக்கு முன்னால் இலவசமாகக் கிடைப்பதைப் பாருங்கள். இந்த விதிகளைக் கொண்டு மற்றவர்களும் நூல்கள் வெளியிட அனுமதித்த உரிமத்தின் நிபந்தனைகளை மாற்றப்போவதாக எழுந்த பெரும் சர்ச்சைக்குப் பிறகு, 2023 ஜனவரியில் பதிப்பாளரே ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார். 400 பக்கத்துக்கும் மேற்பட்ட அந்த ஆவணத்தைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் தமிழில் மொழிபெயர்த்து விற்கக்கூட அதில் தடையில்லை. யாராவது செய்தால் முதல் பிரதியை வாங்க நான் காத்திருக்கிறேன். விதிகளைத் தேடித் தொகுத்துப் படிக்கப் பொறுமை இல்லையென்றால், தொடக்கப் பெட்டி ஒன்றை மட்டும் ஐவரும் பங்கு போட்டு வாங்குங்கள். சுருக்கமான விதிகள், ஆயத்தக் கதை, பகடைகள் ஆகியவை ஒரே பெட்டியில் இருக்கும். பல வாரம் ஆடலாம். அதன் பிறகும் ஆசை குறையவில்லையென்றால் ஆட்டக்காரர் கையேடு ஒரு பிரதி, அதுவும் 2024 பதிப்பு. பழைய பதிப்பும் நன்றாகவே ஆடக்கூடியது, யாரேனும் பாதி விலைக்குத் தந்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் ஒரே மேசையில் இரண்டு பதிப்புகளும் இருந்தால், ஒரே பெயருள்ள மந்திரத்துக்கு இரண்டு விளக்கங்கள் கிளம்பி, மாலை முழுவதும் வாக்குவாதத்திலேயே போய்விடும். அட்டைப் படத்தை நம்பாமல், உள்ளே பதிப்புரிமைப் பக்கத்தில் ஆண்டைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு வாளும் மந்திரமும் பிடிக்கவில்லை. ஒருவர் துப்பறியும் கதை கேட்கிறார், மற்றொருவர் விண்வெளி. எல்லா வகைக்கும் பொருந்தும் ஒரே விதிநூலை வாங்கிவிட்டால் செலவு மிச்சம்தானே? (கோவை வாசகர்)

பதில்: அப்படிப்பட்ட நூல்கள் இருக்கின்றன. 1986-இல் வந்த 'கர்ப்ஸ்' எந்தக் காலத்துக்கும் எந்த உலகத்துக்கும் பொருந்துமாறு கட்டப்பட்டது. மூன்று சாதாரணப் பகடைகள் போதும், 32 பக்கச் சுருக்கப் பதிப்பு இலவசம். 'ஃபேட்' இன்னொன்று; கூட்டல், கழித்தல், வெற்று முகங்கள் கொண்ட நான்கு பகடைகளால் ஆடப்படுவது, மின்நூலுக்கு விரும்பிய தொகையைக் கொடுத்தால் போதும். ஆயினும் புதியவர்களுக்கு நான் இவற்றைப் பரிந்துரைப்பதில்லை. எல்லாவற்றுக்கும் பொருந்தும் விதியை உங்கள் கதைக்கு ஏற்பச் செதுக்கும் வேலை கேம் மாஸ்டரின் தலையில் விழுகிறது, அவருக்கோ அதுதான் முதல் அனுபவம்.

விதிமுறை என்பது கணக்கு மட்டும் அல்ல, எந்த மாதிரிக் கதை பிறக்கும் என்பதை அதுதான் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதால், ஒரே காட்சியை மூன்று ஆட்டங்களில் வைத்துப் பார்ப்போம். பூட்டிய பழைய வீட்டுக்குள் நுழைந்த ஒருவர், அலமாரியில் ஒரு கடிதத்தைத் தேடுகிறார்.

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில் அவர் இருபது முகப் பகடையை உருட்டித் தன் திறனுக்குரிய எண்ணைக் கூட்டுவார். கூட்ட வேண்டியது 5, எட்ட வேண்டியது 15 என்றால் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதாவது 55 சதவீத வாய்ப்பு. கிடைத்தது அல்லது கிடைக்கவில்லை, அவ்வளவுதான். மாதக்கணக்கில் ஆட ஆட அந்தக் கூட்டல் எண் ஏறிக்கொண்டே போகும். சாதாரண ஆள் வீரனாக வளரும் கதைக்கு இது கச்சிதமான கணக்கு.

'கால் ஆஃப் கதுலு' 1981-இல் கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட, மர்மங்களைத் துப்பறியும் திகில் ஆட்டம். சான்டி பீட்டர்சன் உருவாக்கியது. இதில் திறன் நூற்றுக்கு இத்தனை என்று கதாபாத்திரத்தின் விவரத் தாளிலேயே எழுதியிருக்கும். தேடும் திறன் 65 என்றால், இரண்டு பத்து முகப் பகடைகளை உருட்டி, ஒன்றைப் பத்தின் இடமாகவும் மற்றதை ஒன்றின் இடமாகவும் படித்து, 65 அல்லது அதற்குக் கீழ் வந்தால் வெற்றி. கடினமான தேடலுக்கு அதில் பாதியான 32, மிகக் கடினமானதற்கு ஐந்தில் ஒரு பங்கான 13. தோற்றால் மறுபடி முயலலாம். இந்த முறையும் தோற்றால் ஏதோ மோசமானது நடக்கும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டுதான் முயல வேண்டும். இதனுடன் மனநிலைக்கென ஒரு தனி எண் இருக்கிறது. காணக் கூடாததைக் காணக் காண அது தேயும். கதாபாத்திரம் வளர்வதைவிடத் தேய்வதே இங்கு அதிகம்.

மூன்றாவது, 2010-இல் வெளிவந்த 'அப்போகாலிப்ஸ் வேர்ல்டு' என்ற ஆட்டத்தின் வழியில் வந்தவை. இரண்டு சாதாரணப் பகடைகளை உருட்டித் திறன் எண்ணைக் கூட்ட வேண்டும். மொத்தம் 10 அல்லது மேலே என்றால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை என்றால் ஏதோ ஒரு விலை கொடுத்துப் பெறும் வெற்றி, அதற்குக் கீழே என்றால் சிக்கல். திறன் எண் 1 உள்ளவருக்கு முழு வெற்றிக்கும் சிக்கலுக்கும் தலா 28 சதவீதம். நடுவில் இருக்கும் 'கிடைத்தது, ஆனால்' என்ற முடிவுக்கு 44 சதவீதம். கடிதம் கைக்கு வந்துவிட்டது, ஆனால் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்கிறது என்று கதை தானாக நகரும்.

துப்பறியும் கதை கேட்கும் உங்கள் நண்பருக்காக இரண்டாவதான 'கால் ஆஃப் கதுலு'வைத் தேர்ந்தெடுங்கள். அதன் சுருக்க விதிகளும், ஒரே அமர்வில் முடியக்கூடிய ஒரு பேய்வீட்டுக் கதையும் பதிப்பகத்தாலேயே இலவசமாகத் தரப்படுகின்றன. ஒரு சனிக்கிழமை மாலையில் ஆடிப் பார்த்துவிட்டுப் பிறகு பணத்தைப் பற்றி யோசிக்கலாம். விண்வெளி கேட்பவருக்கு, 1977 முதல் இருந்துவரும் 'டிராவலர்' இருக்கிறது. அதன் முதல் பதிப்பில் ஆட்டம் தொடங்கும் முன்பே, கதாபாத்திரத்தின் முன்வாழ்க்கையை உருட்டும்போதே அவர் இறந்துபோக வாய்ப்புண்டு என்பதைச் சொன்னால் உங்கள் நண்பர் நம்ப மாட்டார். 'பாத்ஃபைண்டர்' பற்றி நீங்கள் கேட்கவில்லை; வாள்-மந்திர வகைதான். எனினும் அதன் விதிகள் அனைத்தும் பதிப்பகத்தின் அனுமதியுடன் சட்டப்படியே இணையத்தில் இலவசமாக உள்ளன என்பதால் மற்ற பாதிப் பேருக்காகச் சொல்லி வைக்கிறேன்.

கேள்வி: அச்சு நூலின் விலையைப் பார்த்தால் மின்வடிவம் மலிவாகத் தெரிகிறது. அதை வாங்கினால் போதாதா?

பதில்: மின்வடிவம் என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. உங்கள் கணினிக்கு இறக்கி வைத்துக்கொள்ளும் பி.டி.எஃப் கோப்பு ஒன்று. ஒரு தளத்தில் கணக்கு வைத்து, உள்ளே நுழைந்து படிக்கும் உரிமை மற்றொன்று. இரண்டாவதில் தளம் இருக்கும் வரைதான் நூல். 2024 ஆகஸ்டில், 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' நூல்களை இப்படி விற்கும் அதிகாரபூர்வ 'டி அண்ட் டி பியாண்ட்' தளம், பயனர்களின் கதாபாத்திரத் தாள்களில் இருந்த பழைய மந்திரங்களையும் மாயப் பொருள்களையும் புதிய பதிப்புக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களில் பின்வாங்கியது என்றாலும், காசு கொடுத்து வாங்கியதன் உள்ளடக்கம் யார் கையில் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது.

பி.டி.எஃப் வாங்கினாலும் உடனே இறக்கி, வேறொரு வட்டிலும் ஒரு படி வைத்துவிடுங்கள். 2009 ஏப்ரலில் இதே ஆட்டத்தின் பதிப்பாளர் தம் பி.டி.எஃப் விற்பனை அனைத்தையும் திடீரென நிறுத்தியபோது, முன்பே பணம் கொடுத்தவர்களுக்கும் மறுபடி இறக்கும் வழி அடைபட்டது. விற்பனை மீண்டும் தொடங்க 2013 ஆயிற்று. அச்சு நூல் வாங்குபவர்களுக்குச் சில பதிப்பகங்கள் பி.டி.எஃப்பையும் சேர்த்தே தருகின்றன. பணம் கட்டும் முன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இணையச் சந்தை ஒன்றில் பாதி விலைக்கும் குறைவாக விதிநூல் ஒன்றை வாங்கினேன். வந்ததைப் பார்த்தால் நகல் பதிப்பு போலத் தெரிகிறது. 'நூல்களுக்குத் திருப்புதல் இல்லை' என்கிறார் விற்பனையாளர். என்ன செய்யலாம்? (மதுரை வாசகர்)

பதில்: நீங்கள் அனுப்பிய படங்களில் எழுத்தின் விளிம்பு மங்கியிருக்கிறது, ஒரு பக்கத்து ஓவியம் நடுமடிப்புக்குள் பாதி மறைந்திருக்கிறது, பக்கங்கள் தைக்கப்படாமல் பசையால் மட்டும் ஒட்டப்பட்டிருக்கின்றன. அசல் நூலோடு ஒரு கடையில் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். சந்தேகம் உறுதியானால் விற்பனையாளரின் அந்த வாசகத்துக்கு மதிப்பில்லை. 2020-ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, பொருள் போலியாகவோ குறைபாடுள்ளதாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மைக்கு மாறானதாகவோ இருந்தால், விற்பனையாளர் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ மறுக்க முடியாது. சந்தைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதை அவர் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம்; 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். பொட்டலத்தைப் பிரித்தபோது எடுத்த படங்களையும் உறையையும் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: பதின்மூன்று வயது மகளின் பிறந்தநாளுக்கு உலோகப் பகடைத் தொகுப்பு கேட்கிறாள். தரத்தை எப்படிப் பார்ப்பது?

பதில்: ஏழு பகடைகள் கொண்ட பிளாஸ்டிக் தொகுப்பே ஆட்டத்துக்கு முழுக்கப் போதுமானது: நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகங்கள் கொண்டவை ஒவ்வொன்று, பத்து முகம் கொண்டவை இரண்டு. உலோகம் அழகுதான், ஆனால் உணவு மேசையின் கண்ணாடியில் கீறல் விழும்; வாங்கினால் உருட்டுவதற்கு ஒரு துணி விரிப்பையும் சேர்த்து வாங்குங்கள். கடையில் இருபது முகப் பகடையை மட்டும் கையில் எடுத்துப் பாருங்கள். உருட்டுவதற்கான பகடையில் 20-ஐ ஒட்டி வழக்கமாக 2, 8, 14 ஆகிய எண்கள் இருக்கும். சீட்டாட்டங்களில் மதிப்பெண்ணைக் குறித்து வைக்கப் பயன்படும் வேறொரு வகை, பார்க்க இதைப் போலவே இருந்தாலும், எண்கள் வரிசையாக அடுக்கப்பட்டது. 20-க்குப் பக்கத்தில் 19 இருந்தால் அது உருட்டுவதற்கானது அல்ல, வேறு கேளுங்கள்.