வாசகர் கேள்வி: தொகுப்பு முடிந்தால் போதுமா?

கேள்வி: நண்பர்களோடு சேர்ந்து ஒரு திறமூல மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். நிரலில் வரும் திருத்தங்களை வரிக்கு வரி படிக்கும் நாங்கள், நிரலை இயங்கும் மென்பொருளாக்கும் தொகுப்பு வேலைக்கு வழிசொல்லும் சிமேக் கோப்புகளில் வரும் திருத்தங்களை, அத்தொகுப்பு பிழையின்றி முடிந்தாலே ஏற்றுக்கொள்கிறோம். இது சரியா?
- கல்லூரி மாணவி, காட்பாடி, வேலூர் மாவட்டம்

பதில்: சரியன்று. இக்கோப்புகளில் நேரும் தவறு பல வேளைகளில் பிழைச்செய்தியே தராது என்பதுதான் என் கவலை. 2024ஆம் ஆண்டு எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்னும் கோப்புச் சுருக்கும் மென்பொருள் திட்டத்தின் சிமேக் கோப்பில், லேண்ட்லாக் என்னும் பாதுகாப்பு வசதி உள்ளதா என்று சோதிக்கும் சிறு நிரலுக்குள் ஒரேயொரு புள்ளி நுழைக்கப்பட்டிருந்தது. அதனால் அச்சோதனை எப்போதும் தோற்று, வசதி இல்லையென்று முடிவாகி, பாதுகாப்பு இல்லாமலேயே தொகுப்பு வெற்றிகரமாக முடிந்தது. அதே திட்டத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவை, அதாவது அத்துமீறி நுழையும் கள்ளவழியைத் திறந்துவிட்ட எம்4 என்னும் வகைத் தொகுப்பு அமைப்புக் கோப்பு, பிறர் பதிவிறக்கும் வெளியீட்டுப் பொதியில் மட்டுமே இருந்தது. நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. ஆகவே பொதியையும் களஞ்சியத்தையும் ஒப்பிடுங்கள்.

திருத்தத்துக்கு முன்னும் பின்னும் வெற்றுக் கோப்புறையில் தொகுத்து, எந்தெந்த வசதிகள் கண்டறியப்பட்டன, தொகுக்கும் மென்பொருளான கம்பைலருக்கு என்னென்ன கொடிகள் (கட்டளை விருப்பங்கள்) சென்றன, எக்கோப்புகள் நிறுவப்பட்டன என்று அருகருகே வைத்துப் பாருங்கள். "இல்லை" என்று மாறிய ஒவ்வொரு விடைக்கும் திருத்தியவரிடம் காரணம் கேளுங்கள். அது அவரை அவமதிப்பதாகாது. ஆய்வகக் கணினியில் முன்பே நிறுவியுள்ள நூலகங்கள் விடுபட்ட சார்புகளை (மென்பொருளுக்குத் தேவையான பிற நூலகங்களை) மறைத்துவிடும் என்பதால், புதிய கண்டெய்னரிலும் (கணினிக்குள் தனித்தியங்கும் வெற்றுச் சூழலிலும்) ஒருமுறை தொகுத்துப் பார்ப்பது அவசியம்.