‘1.4 டபிள்யூஈத் ஆஃபர்’ மெயிலை நம்பி சைன் போட்டுவிட்டேன். மீதி இரண்டையாவது காப்பாற்ற முடியுமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் இருந்து எழுதுகிறேன் சார். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. 2021 கடைசியில் ஓப்பன்சீ என்ற சந்தைத் தளத்தில் மொத்தம் 1,80,000 ரூபாய்க்கு ஆறு என்எஃப்டி (பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டில் உரிமை பதிவாகும் டிஜிட்டல் பொருள்) வாங்கினேன். போன வாரம், அதில் ஒன்றுக்கு ‘1.4 டபிள்யூஈத் ஆஃபர் வந்துள்ளது, 24 மணி நேரத்துக்குள் ஏற்கவும்’ என்று மெயில் வந்தது (டபிள்யூஈத் என்பது ஈத் என்ற கிரிப்டோ நாணயத்தின் இன்னொரு வடிவம்). பட்டனைத் தட்டினேன். என் மெட்டாமாஸ்க் வாலெட்டை இணைக்கச் சொன்னது, ‘சைன்’ கொடுத்தேன். பிளாக்செயினில் ஒரு மாற்றம் செய்யக் கட்டும் ‘கேஸ்’ கட்டணம்கூடக் கேட்கவில்லை. வாலெட்டைத் திறக்கும் 12 இரகசிய வார்த்தைகளை நான் எங்கும் டைப் செய்யவில்லை. மறுநாள் காலை நான்கு என்எஃப்டி காணோம், இரண்டு மட்டும் இருக்கிறது. மீட்டுத் தருகிறேன் என்று டெலிகிராமில் ஒருவர் 18,000 ரூபாய் கேட்டார். முன்பணமாக 2,000 ரூபாயை நேற்று ஜிபேயில் அனுப்பிவிட்டேன். போலீசுக்குப் போனால் ‘கிரிப்டோ எதற்கு வைத்திருக்கிறாய்’ என்று என்னையே பிடிப்பார்களா? நஷ்டத்தை வருமான வரியில் கழிக்கலாமா? மீதி இரண்டுக்கு என்ன வழி?

பதில்: இதைப் படித்து முடிக்கும் முன்பே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு போன் போடுங்கள். அந்த நான்கு என்எஃப்டிக்காக இல்லை, நேற்று அனுப்பிய 2,000 ரூபாய்க்காக. நீங்கள் இழந்ததில் சிறிய தொகை அதுதான், ஆனால் திரும்பி வர வாய்ப்புள்ளதும் அதுதான். யுபிஐ பணம் ஒரு வங்கிக் கணக்கில் இருந்து இன்னொரு வங்கிக் கணக்குக்குத்தான் போயிருக்கிறது. அந்தக் கணக்குக்குப் பெயர் உண்டு, கேஒய்சி உண்டு. பணம் இன்னும் அங்கேயே கிடந்தால் முடக்கி வைக்க முடியும், அடுத்த கணக்குக்குத் தாண்டத் தாண்ட கஷ்டம். ஜிபேயில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க யுபிஐ எண் தெரியும். அதையும் தேதி, நேரம், பெறுநரின் யுபிஐ ஐடியையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். உங்கள் வங்கியிலும் சொல்லி வையுங்கள். ஆனால் வங்கி தன் கையில் இருந்து ஈடு கட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்ற ரிசர்வ் வங்கியின் 2017 விதி, உங்களுக்குத் தெரியாமல் நடந்த பரிவர்த்தனைக்கு. இது நீங்களே யுபிஐ பின் நம்பர் போட்டு அனுப்பியது.

மீதி 16,000 ரூபாயை அனுப்ப வேண்டாம். பிளாக்செயினில் நடந்து முடிந்த ஒரு மாற்றத்தைத் திருப்பிப்போட எந்த ‘ரெக்கவரி ஏஜென்ட்’டாலும் முடியாது. இப்போது அந்த நான்கும் இருக்கும் வாலெட்டின் சாவி வைத்திருப்பவன் மட்டும்தான் அவற்றை நகர்த்த முடியும். பொதுவெளியில் ‘என் என்எஃப்டி போய்விட்டது’ என்று யார் புலம்புகிறார்கள் என்று தேடிப் பிடிப்பதே இவர்கள் தொழில். அடுத்தபடியாக ‘வாலெட்டை சிங்க் செய்ய வேண்டும்’ என்று 12 வார்த்தைகளைக் கேட்பார்கள். சாட்டை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுப் பதில் போடுவதை நிறுத்துங்கள்.

இனி, நடந்தது என்ன என்று பார்ப்போம். ஆறில் நான்கு போய் இரண்டு ஏன் தங்கியது என்பதிலேயே விடை இருக்கிறது. உங்கள் பக்கத்து மாந்தோப்புக் கணக்கிலேயே சொல்கிறேன். தோப்பை வியாபாரிக்குப் பேசும்போது இரண்டு காரியம் நடக்கிறது. ஆட்களைக் கூட்டிவந்து காய் பறித்துக்கொள்ள அனுமதி ஒன்று, என்ன விலை என்ற சீட்டு இன்னொன்று. ஓப்பன்சீயில் ஒரு என்எஃப்டியை முதன்முறை விற்பனைக்குப் போடும்போது ‘செட் அப்ரூவல் ஃபார் ஆல்’ என்று ஒரு அனுமதி கேட்டிருக்கும், அதற்கு கேஸ் கட்டியிருப்பீர்கள். அதுதான் தோப்புக்குள் வர அனுமதி. அந்த என்எஃப்டி எந்த வெளியீட்டுத் தொகுப்பைச் சேர்ந்ததோ, அந்தத் தொகுப்பில் நீங்கள் வைத்திருக்கும் எல்லாவற்றுக்கும் அது செல்லும், நீங்களாக ரத்து செய்யும் வரை கிடக்கும். விலைச்சீட்டுக்கு கேஸ் கிடையாது, வெறும் கையொப்பம்தான். போன வாரம் நீங்கள் ‘சைன்’ கொடுத்தது பெரும்பாலும் அப்படி ஒரு விலைச்சீட்டு: இந்த நான்கையும் பூஜ்ய விலைக்கு இன்னாருக்குக் கொடுக்கிறேன் என்று. பழைய அனுமதி உயிரோடு இருந்ததால் திருடன் சீட்டைக் காட்டி அள்ளிக்கொண்டு போய்விட்டான். மீதி இரண்டும் நீங்கள் ஒருநாளும் விற்பனைக்குப் போடாத தொகுப்பாக இருக்க வேண்டும். அந்தத் தோப்புக்கு அவனுக்கு வழியில்லை.

கேஸ் கேட்கவில்லை என்பதை நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் அந்த இடத்தில்தான் கை நின்றிருக்க வேண்டும். எத்திரியம் பிளாக்செயினில் ஒருவர் கொடுத்த ஆஃபரை ஏற்றுக்கொண்டு விற்றால் கேஸ் கட்டுவது விற்பவர். கையொப்பத்தோடு முடிகிற வேலை, விற்பனைக்குப் போடுவதும் ஆஃபர் கொடுப்பதும்தான். ‘ஆஃபரை ஏற்கவும்’ என்று சொல்லிவிட்டு கேஸே இல்லாமல் வெறும் கையொப்பம் கேட்டால், அங்கே நடப்பது வேறு காரியம். மெட்டாமாஸ்க் பெட்டியில், ஓப்பன்சீயின் விற்பனை நிரலான ‘சீபோர்ட்’ என்ற பெயரும், ‘ஆஃபர்’ என்ற தலைப்பில் நீங்கள் கொடுக்கும் பொருளும், ‘கன்சிடரேஷன்’ என்ற தலைப்பில் உங்களுக்கு வரும் தொகையும் இருக்கும். அந்தத் தொகை 0 அல்லது 1 என்று இருந்தால் நிராகரியுங்கள். அந்த 1 என்பது ஒரு ஈத் அல்ல, ஒரு ‘வெய்’: ஈத்தில் 18 தசம இடம் தள்ளி நிற்கும் தூசு. பெட்டியில் புரியாத எழுத்துக்கோவை மட்டும் தெரிந்தாலும் நிராகரிப்புதான்.

மீதி இரண்டையும் இன்றைக்கே புது வாலெட்டுக்கு மாற்றுங்கள். இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். மெட்டாமாஸ்க்குக்குள் ‘கிரியேட் அக்கவுண்ட்’ கொடுத்தால் வருவது அதே 12 வார்த்தைகளில் இருந்து முளைக்கும் இன்னொரு கணக்கு, புது வாலெட் இல்லை. பிரவுசரில் தனி புரொஃபைல் திறந்து மெட்டாமாஸ்க்கைப் புதிதாக நிறுவி, புது 12 வார்த்தைகளை உருவாக்குங்கள். காகிதத்தில் எழுதி வையுங்கள். போனில் படம் பிடித்தால் அது தானாக கூகுள் போட்டோஸில் ஏறி உட்காரும்.

பிறகு ஒவ்வொன்றாக அனுப்புங்கள். ஒரு என்எஃப்டிக்கு ஒரு பரிவர்த்தனை, ஆக இரண்டு முறை கேஸ். விலை குறைந்ததை முதலில் அனுப்பி, புது வாலெட்டில் வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகு அடுத்தது. முகவரியின் முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்து மட்டும் பார்த்துவிட்டு அனுப்பாதீர்கள். அந்த எட்டும் பொருந்துகிற போலி முகவரியைத் தயாரித்து, உங்கள் பரிவர்த்தனைப் பட்டியலில் செருகி வைப்பது தனி மோசடி.

பழைய வாலெட்டில் கேஸுக்கு ஈத் இல்லையென்றால், தேவையான அளவு மட்டும் போடுங்கள். போட்ட நொடியில் அந்த ஈத் தானாக வேறு முகவரிக்குப் பறந்தால், 12 வார்த்தைகள் வெளியே போய்விட்டன என்று பொருள். அந்த நிலையில் மேலும் மேலும் ஈத் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான், நிறுத்திவிடுங்கள். அந்த மெயிலில் இருந்து ஏதாவது ஃபைலை டவுன்லோடு செய்து திறந்திருந்தாலும் இந்தக் கம்ப்யூட்டரை நம்பக்கூடாது. வேறு கம்ப்யூட்டரில் புது வாலெட்டைத் தொடங்குங்கள்.

இரண்டும் பத்திரமான பிறகு பழைய அனுமதிகளை ரத்து செய்யுங்கள். எத்திரியம் பரிவர்த்தனைகளைக் காட்டும் ஈதர்ஸ்கேன் தளத்தில் ‘டோக்கன் அப்ரூவல் செக்கர்’ என்ற பக்கம் உண்டு, ரிவோக் டாட் கேஷ் என்ற தளமும் உண்டு. வாலெட்டை இணைத்தால் யார் யாருக்கு எந்தத் தொகுப்பில் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் வரும். ஒவ்வொரு ரத்துக்கும் தனியாக கேஸ் போகும். காலியாகிவிட்ட தொகுப்புக்கு அவசரமில்லை. டபிள்யூஈத் மீதி ஏதாவது இருந்தால் அதன் அனுமதியை முதலில் பாருங்கள். கூகுளில் ‘ரிவோக்’ என்று தேடி மேலே வரும் விளம்பரத்தைத் தட்டிவிடாதீர்கள். ஏற்கெனவே ஏமாந்து பதற்றத்தில் தேடுகிறவருக்கென்றே அங்கேயும் வலை விரிக்கிறார்கள். முகவரியைக் கையால் டைப் செய்யுங்கள்.

உங்கள் மெயில் முகவரி அவனுக்கு எப்படிக் கிடைத்தது? 2022 ஜூனில் ஓப்பன்சீயே இதை அறிவித்தது: தனக்காக மெயில் அனுப்பித் தரும் வெளிநிறுவனத்தின் ஊழியர் ஒருவர், பயனர்களின் மெயில் முகவரிகளை எடுத்து வெளியாருக்குக் கொடுத்துவிட்டார், தளத்தில் மெயில் கொடுத்திருந்த எல்லோரும் தங்கள் முகவரியும் போயிருப்பதாகவே எண்ணிக்கொள்ளுங்கள் என்று. 2021-ல் சேர்ந்தவர் நீங்கள். அந்த முகவரி இனி இரகசியம் இல்லை, பாஸ்வேர்டை மாற்றுவதால் மெயில் வருவது நிற்காது. 2022 பிப்ரவரி 19 அன்று, தளம் பயனர்களைப் புது ‘ஸ்மார்ட் கான்ட்ராக்ட்’டுக்கு (விற்பனையை நடத்தும் நிரல்) மாறச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் பார்த்து ஒரு தாக்குதல் நடந்தது. 17 பேர் என்எஃப்டி இழந்ததாக நிறுவனம் கணக்குச் சொன்னது. அங்கேயும் கையொப்பம்தான் ஆயுதம்.

லிங்க்கை வலமிருந்து இடமாகப் படிக்கப் பழகுங்கள். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்த சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக நிற்கும் இரண்டு துண்டுதான் (‘கவ் டாட் இன்’ போன்று முடிந்தால் மூன்று) தளத்தின் சொந்தப் பெயர். ‘ஓப்பன்சீ டாட் ஐஓ டாட் வேறேதோ டாட் காம்’ என்று இருந்தால் அது வேறேதோவின் வீடு; முன்னால் மாட்டியிருப்பது வெறும் பெயர்ப்பலகை. இதையும் முழுதாக நம்ப முடியாது. உண்மையான நிறுவனங்களும் பட்டனுக்குப் பின்னால் டிராக்கிங் லிங்க் வைப்பதால், அசலும் அந்நியமாகத்தான் தெரியும். ஆகவே மெயில் பட்டனைத் தொடாமல், புக்மார்க் வழியாகத் தளத்துக்குள் போய் ஆஃபர் இருக்கிறதா என்று பார்ப்பதே சுலபம்.

போலீஸ் பயம் தேவையில்லை. கிரிப்டோ, என்எஃப்டி வைத்திருப்பது இந்தியாவில் குற்றம் இல்லை. வங்கிகள் இத்துறைக்குச் சேவை செய்யக்கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2018-ஆம் ஆண்டு சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் ரத்து செய்தது. 2022-லிருந்து அரசாங்கமே வரி வாங்குகிறது. 1930-க்குப் பேசியபின் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரைப் பதிவு செய்து, அந்த எண்ணோடு கிருஷ்ணகிரி மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போங்கள். வேலை ஓசூரில், வங்கிக் கிளை பெங்களூரில் என்றெல்லாம் குழம்ப வேண்டாம். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பிஎன்எஸ்எஸ் என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு சொல்கிறது.

கொண்டு போக வேண்டிய காகிதத்தில் உங்கள் வாலெட் முகவரி, திருடனின் முகவரி, நான்கு மாற்றங்களின் டிரான்ஸாக்‌ஷன் ஹேஷ் (பரிவர்த்தனைக்கான தனி அடையாளக் குறி), ஒவ்வொன்றின் டோக்கன் எண், வாங்கிய ரசீது இருக்கட்டும். ஈதர்ஸ்கேன் காட்டும் நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரம், ஐந்தரை மணி நேரம் கூட்டி நம் நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். மெயிலை ஃபார்வர்டு செய்தால் அது எந்தச் சர்வர் வழியாக வந்தது என்ற தலைப்பு விவரங்கள் கழன்றுவிடும். கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் ‘ஷோ ஒரிஜினல்’ கொடுத்து, அந்தப் பக்கத்திலேயே டவுன்லோடு செய்து பென்டிரைவில் கொடுங்கள். அதில் அனுப்பிய டொமைனைச் சரிபார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டும் ‘பாஸ்’ என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். திருடன் தன் சொந்த டொமைனில் இருந்து அனுப்பினாலும் பாஸ் ஆகும்.

ஓப்பன்சீக்கும் தெரிவியுங்கள். 2022 ஆகஸ்ட்டில் அறிவித்த விதிப்படி, திருட்டு என்று சொன்ன 7 நாளுக்குள் போலீஸ் புகார் கேட்டார்கள். ஆகவே புகார் நகல் கைக்கு வந்ததும் எழுதுவது நல்லது. அவர்கள் செய்யக்கூடியது தங்கள் தளத்தில் அந்தப் பொருளின் விற்பனையை நிறுத்துவது மட்டும்தான். வேறு தளத்தில் விற்பதை அது தடுக்காது.

வரி விஷயத்தில் நல்ல செய்தி இல்லை. இத்தகைய டிஜிட்டல் சொத்தின் லாபத்துக்கு 30%, அதன் மேல் 4% செஸ். வாங்கிய விலை தவிர எதையும் கழிக்க முடியாது. நஷ்டத்தைச் சம்பளத்திலோ வேறு வருமானத்திலோ சரிக்கட்டவும் முடியாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டு போகவும் முடியாது. ஆக, போன நான்கின் விலை உங்கள் வரியில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்காது. மீதி இரண்டில் ஒன்றை, 30,000-க்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம், 45,000-க்கு விற்றால் லாபம் 15,000. வரி 4,500, செஸ் 180, மொத்தம் 4,680 ரூபாய். கட்டிய கேஸைக் கழிக்க வழியில்லை. அந்த ஆண்டு ஐடிஆர்-1 போடக்கூடாது. ஐடிஆர்-2-ல் விடிஏ (மெய்நிகர் டிஜிட்டல் சொத்து) அட்டவணையை நிரப்ப வேண்டும்.

விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும்போது ‘ஃப்ளோர் பிரைஸ்’ எண்ணைப் பார்க்காதீர்கள், அது விற்பவர்கள் கேட்கும் மிகக் குறைந்த விலை. வாங்குகிறவர் டபிள்யூஈத்தில் கொடுத்திருக்கும் அதிகபட்ச ஆஃபர் எவ்வளவு என்று பாருங்கள். 2021-ல் வாங்கிய பல தொகுப்புகளுக்கு இன்று அப்படி ஒரு ஆஃபரே இருக்காது. போன நான்கின் இன்றைய மதிப்பையும் அதே கண்ணால் பாருங்கள், அதை மீட்க 18,000 கொடுப்பது எந்தக் கணக்கிலும் வராது.

எல்லாம் முடிந்ததும் வெறுப்பில் பழைய வாலெட்டை அழித்துவிடாதீர்கள். அதன் 12 வார்த்தைகளைத் தனிக் காகிதத்தில் வையுங்கள், பணம் எதையும் அதில் போடாதீர்கள். திருட்டு நடந்த வாலெட் முகவரி உங்களுடையதுதான் என்று விசாரணையில் காட்டச் சொன்னால், அதைத் திறந்து காட்ட உங்களிடம் வேறு சாவி இல்லை.