வெட்டி ஒட்டுவதும் சேமித்து வைப்பதும்

வணக்கம்.

முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். ஒரே பரிசோதனைத் தொடரிலிருந்து மூன்று கட்டுரைகள் எழுத வேண்டும். ஆய்வுமுறை, கருவி விவரம், நிதியுதவிக் குறிப்பு எல்லாவற்றையும் பழைய கோப்பைத் திறந்து வெட்டி ஒட்டுகிறேன். முதல் கட்டுரை ஓர் ஆய்விதழிலிருந்து திரும்பி வந்தது. அடுத்த இதழ் மேற்கோள்களை எண்ணால் குறிக்கும் எண்முறை கேட்டதால் 84 உசாத்துணைகளையும் கையாலேயே மாற்றினேன். இதற்கு எளிய வழி உண்டா? என் வாக்கியங்களையே மறுபடி பயன்படுத்தினால் அது கருத்துத்திருட்டு ஆகுமா?

ம.

அன்புள்ள ம.,

அந்த 84இலிருந்தே தொடங்குகிறேன். உசாத்துணையைக் கையால் தட்டவே கூடாது. நடைவிதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ நடையின் 7ஆம் பதிப்பு 2019இல் வந்தபோது, மூன்று ஆசிரியர்கள் இருந்தாலே முதல் மேற்கோளிலேயே 'மற்றும் பிறர்' என்று சுருக்கச் சொன்னது. அதற்கு முன் ஐந்து பேர்வரை முதல் முறை எல்லாப் பெயரையும் எழுத வேண்டும். கையால் தட்டியவர்கள் ஒவ்வொரு அடைப்புக்குறியாகத் தேடித் திருத்தினார்கள். உசாத்துணை மென்பொருளில் வைத்திருந்தவர்கள் நடையின் பெயரை மாற்றியதோடு சரி.

அத்தகைய மென்பொருள்களில் ஜோட்டெரோ இலவசம், அதுவே போதும். கட்டுரையின் நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணைக் கொடுத்தால் பதிவு தானாக வரும். வந்ததை அப்படியே நம்பிவிடாதீர்கள். நேரம் சேமிப்பதாக நினைத்து நேரத்தைத் தொலைக்கும் இடம் இதுதான். ஒரு பதிவுக்கு ஒரு நிமிடம் ஒதுக்கி மூன்றைப் பாருங்கள். முதலாவது தலைப்பு. சில பதிப்பகங்களிலிருந்து முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் (கேபிட்டல்) வரும். தலைப்பை எப்போதும் முதல் சொல்லும் சிறப்புப் பெயர்களும் மட்டும் பெரிய எழுத்தில் தொடங்குமாறு வைத்திருங்கள். அப்படி இருந்தால், ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டிய நடைக்கு மென்பொருளே மாற்றிக்கொள்ளும். எதிர்த்திசையில் அதனால் மாற்ற முடியாது, எது சிறப்புப் பெயர் என்று அதற்குத் தெரியாதே. இரண்டாவது நிறுவனப் பெயர். ஆசிரியர் கட்டத்தை ஒற்றைக் கட்டமாக மாற்றாவிட்டால் உலக சுகாதார நிறுவனம் பட்டியலில் 'நிறுவனம், உ. சு.' என்று போய் உட்காரும். மூன்றாவது ஆசிரியர் பெயர். ஒரே ஆளை ஒரு பதிவில் முழுப்பெயராகவும் இன்னொன்றில் முதலெழுத்தோடும் வைத்திருந்தால் மென்பொருள் இருவர் என்று கருதி, மேற்கோளில் தேவையில்லாமல் முதலெழுத்தைச் சேர்க்கும். கட்டுரையில் திடீரென்று ஒரு முதலெழுத்து முளைத்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பக்க எண் சேர்க்க, மேற்கோளின் உள்ளே கைவைத்துத் தட்டாதீர்கள். மேற்கோளைத் திருத்தும் பெட்டியைத் திறந்து, அதில் நூலின் பெயரைச் சொடுக்கினால் பக்கத்துக்கான கட்டம் வரும். நேரடியாகத் தட்டினால் அந்த மேற்கோள் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதை நிறுத்திவிடும், நடை மாற்றும்போது அது மட்டும் பழைய கோலத்தில் நிற்கும். இதழுக்கு அனுப்பும்போது மேற்கோள்களுக்கு ஜோட்டெரோவோடு உள்ள இணைப்புகளை நீக்கிச் சாதாரண எழுத்தாக்க வேண்டியிருந்தால் கோப்பின் பிரதியில் செய்யுங்கள். நீக்கியதை மீட்க வழியில்லை.

இனி வாக்கியங்கள். வேர்டில் பத்தியைத் தேர்ந்தெடுத்து ஆல்ட், எஃப்3 இரண்டையும் சேர்த்து அழுத்தி ஒரு சிறு பெயர் கொடுங்கள். பிறகு அந்தப் பெயரைத் தட்டி எஃப்3 அழுத்தினால் பத்தி வந்து விழும். பத்தியின் கடைசியில் இருக்கும் பத்திக்குறியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால்தான் இடைவெளி, ஓரம் போன்ற வடிவமைப்பு கூடவே வரும். வேர்டை மூடும்போது சேமிக்கவா என்று அது கேட்டால் 'ஆம்' சொல்லுங்கள். அவசரத்தில் 'வேண்டாம்' சொல்லிவிட்டு மறுநாள் தேடுபவர்கள் அநேகம். வேர்டுக்குப் பதில் லேடெக் என்ற ஆவண வடிவமைப்பு மென்பொருளில் எழுதுபவர்கள் நிதிக்குறிப்பு, நெறிக்குழு ஒப்புதல் போன்றவற்றைத் தனிக்கோப்பாக வைத்து ஒவ்வொரு கட்டுரையிலும் அழைத்துக்கொள்ளலாம்.

பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். பழைய கோப்பில் பழைய எண்கள் இருக்கின்றன. 'மாதிரிகள் 60 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தப்பட்டன' என்பதை ஒட்டிவிட்டு, இரண்டாம் பரிசோதனையில் 48 மணி நேரம் உலர்த்தியதை மறந்துவிடுவோம். எழுதி முடித்த வாக்கியத்தைக் கண் சந்தேகப்படுவதில்லை. ஆகவே சேமிக்கும்போதே எண்ணை எடுத்துவிட்டு, 'மாதிரிகள் @@ டிகிரி செல்சியஸில் @@ மணி நேரம் உலர்த்தப்பட்டன' என்று வையுங்கள். மென்பொருளின் பதிப்பு எண், மாதிரிகளின் எண்ணிக்கை, ஒப்புதல் எண் எல்லாவற்றுக்கும் இதே குறிதான். அனுப்புவதற்கு முன் @@ என்று தேடினால் ஒன்றுகூடக் கிடைக்கக் கூடாது.

'இத்துறையில் பலரும் ஆய்ந்துள்ளனர்' வகை வாக்கியங்களைச் சேமிக்காதீர்கள். அவற்றை எழுத ஆகும் நேரமே கொஞ்சம், பயன் அதைவிடக் கொஞ்சம்.

திருட்டா என்ற கேள்விக்கு வருகிறேன். ஆய்வுமுறையை அதே சொற்களில் எழுதுவதைப் பல இதழ்கள் பொறுத்துக்கொள்கின்றன. ஒரே கருவியை எத்தனை விதமாகத்தான் வர்ணிப்பது? முடிவுகளையும் விவாதத்தையும் திரும்ப எடுத்துப் போடுவது அப்படியல்ல, அங்கே பழையதைப் புதிதென்று காட்டுவதாகிவிடும். பதிப்பு நெறிமுறைக் குழுவான 'கோப்' வழிகாட்டுதலும் இதே போக்கில்தான். ஆய்வுமுறையின் முதல் வரியிலேயே முந்தைய கட்டுரையை மேற்கோள் காட்டி, அங்கே விவரித்த முறை என்று சொல்லிவிடுங்கள். அது இன்னும் வெளிவராமல் பரிசீலனையில் இருந்தால், இதழாசிரியருக்கு எழுதும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். பதிப்புரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தால் உங்கள் வாக்கியமே ஆனாலும் நீளமாக எடுக்க அனுமதி வேண்டும். படங்களுக்கும் அட்டவணைகளுக்கும் கண்டிப்பாக.

கையால் தட்டிய உங்கள் 84ஐ ஜோட்டெரோ தானாகப் படித்துக்கொள்ளாது. டிஓஐ எண்களை மட்டும் திரட்டி, அடையாள எண் கேட்கும் பெட்டியில் மொத்தமாக ஒட்டுங்கள், பதிவுகள் வரிசையாக வந்துவிடும். டிஓஐ இல்லாத நூல்களை ஐஎஸ்பிஎன் என்ற நூல் எண் வழியே சேருங்கள். கட்டுரைக்குள் மேற்கோள்களை ஒவ்வொன்றாக மறுபடி செருகத்தான் வேண்டும். ஒரு பிற்பகல் போகும். இரண்டாம் கட்டுரையைத் தொடங்கும் முன்பே அதை முடித்துவிடுங்கள்.