முப்பந்தலில் யாருக்குப் பங்கு?

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு,

கேட்டால் எல்லோரும் காற்று மின்சாரமும் சூரிய மின்சாரமும் வேண்டும் என்கிறார்கள். தங்கள் கடற்கரைக்குத் திட்டம் வந்தால் மட்டும் எதிர்க்கிறார்கள். தலைவர்களோ வாக்குக்கு அஞ்சுகிறார்கள். காமராசரைப் போன்ற உறுதியான ஒருவர் இருந்தால் இந்த மாற்றம் விரைவில் நடக்காதா? என் வீட்டுக் கூரையிலும் சூரியத் தகடு வைக்கலாம் என்றிருக்கிறேன்.

ஆர்., தக்கலை

அன்புள்ள ஆர்.,

தகடு வையுங்கள். 2024-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. தென்னை நிழல் விழாத பக்கமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். காமராசரைச் சற்று ஓய்வெடுக்க விடுங்கள். 1969-இல் அவரை நாகர்கோவிலிலிருந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள் என்ற உரிமையில், எதற்கெடுத்தாலும் அவரைத் துணைக்கு அழைப்பது நமக்குப் பழகிவிட்டது. அவர் ஆட்சியில் கிராமத்துக்குப் போன மின்கம்பியின் மறுமுனையில் அந்தக் கிராமத்து விவசாயியின் பம்புசெட் இருந்தது என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் மூட்டியது 'எதிர்க்கிறார்கள்' என்று நீங்கள் எளிதாகச் சொல்லிப்போன வரிதான். தென்மேற்குப் பருவக்காற்று நம் கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கிப் பாய்வதால், முப்பந்தலைச் சுற்றி இந்தியாவின் மிகப்பெரிய காற்றாலைத் தொகுப்புகளுள் ஒன்று எழுந்தது. 1990-களில் காற்றாலையின் விலை முழுவதையும் முதல் ஆண்டிலேயே வரிக்குரிய வருமானத்திலிருந்து தேய்மானமாகக் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடமளித்ததால், வெளியூர் ஆலை முதலாளிகள் வரிசையில் வந்தார்கள். அங்கே என் தாய்மாமனுக்குச் சிறிது மானாவாரி நிலம் இருந்தது. ஆடு மேய்கிற பொட்டலுக்கு இதுவே அதிகம் என்று தரகர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அதே நிலத்தில் இரவுக் காவலராக வேலை பார்த்தார். அவர் காற்றாலையை ஒருநாளும் எதிர்த்ததில்லை. ஆடிக் காற்றில் அது சுற்றுவதை விருந்தாளிகளுக்குப் பெருமையாகக் காட்டுவார். அதன் உடைமையாளர் யாரென்பது மட்டும் அவருக்குக் கடைசிவரை தெரியாது.

நீங்கள் கேட்கும் மக்கள் ஆதரவு நம்மிடம் வேண்டிய அளவு இருந்தது, ஐயா. அந்த ஆதரவுக்கு ஒரு பங்குப் பத்திரம்கூட ஈடாகத் தரப்படவில்லை. டென்மார்க்கில் கோபன்ஹேகனுக்கு எதிரே கடலில் நிற்கும் மிடில்குருண்டன் காற்றாலைகள் முதலில் 27 என்று திட்டமிடப்பட்டு, மக்கள் கருத்தைக் கேட்ட பின் 20 ஆகக் குறைக்கப்பட்டன. அவற்றில் பாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட கூட்டுறவு அமைப்புக்குச் சொந்தமாயிற்று. 2008-இல் அந்நாடு, புதிய காற்றாலையின் பங்குகளில் ஐந்தில் ஒன்றையாவது அருகில் வசிப்பவர்களுக்கு விற்க முன்வர வேண்டும் என்றே சட்டம் செய்தது. அரசியல் தலைமை என்று நான் சொல்வது இதைத்தான். மேசையைத் தட்டிப் பேசுவதை அல்ல.

இப்போது முப்பந்தலின் பழைய சிறு காற்றாலைகளைக் கழற்றிவிட்டுப் பெரியவற்றை நிறுவும் காலம் வந்திருக்கிறது. கடலுக்குள்ளும், தமிழகக் கரைக்கு அப்பால் 500 மெகாவாட் அமைக்க 2024-இல் மத்திய அமைச்சரவை நிதியுதவிக்கு ஒப்புதல் தந்தது. கம்பங்களுக்கு நடுவே வலை விரிக்கலாமா, கடலடிக் கம்பிவடம் எந்த மீன்பிடி இடத்தின் வழியே போகும் என்று ஒரு மீனவர் கேட்டால், அவரைச் சூழலின் எதிரி என்கிறீர்கள். நிலம் விற்குமுன் என் மாமா கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை மீனவர்கள் கேட்கிறார்கள். பங்கைப் பற்றிய பேச்சை அரசு தானாக எடுக்கும்வரை நான் அவர்கள் பக்கம்தான்.