ஒரே பாட்டு, இரண்டு கரை: கறுப்பின வரலாற்று மாதத்தில் எதை ஒலிக்கவிடலாம்?

கேள்வி: லண்டனின் வடமேற்குப் பகுதியில் வசிக்கிறேன். எங்கள் வட்டார நூலகத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். அக்டோபர் மாதக் கறுப்பின வரலாற்று நிகழ்ச்சிகளில் ஒன்றாக, ஒரு சனிக்கிழமை மாலை ஒன்றரை மணி நேரம் அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசை, ஜமைக்காவின் ரெகே இசை வழியாக அந்த வரலாற்றைச் சொல்லித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். நாற்பது பேர் வரலாம். எட்டு வயதுப் பிள்ளைகளும் இருப்பார்கள், எழுபது வயதுக்காரர்களும் இருப்பார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ரெகே பாடகர் பாப் மார்லியின் நாலைந்து பாட்டுகள்தான். எவற்றை, எந்த வரிசையில் போடுவது? பிள்ளைகளுக்கு மார்லி மாதிரி தொப்பியும் சடைமுடியும் வைத்து ஆடவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். அது சரிதானா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தொப்பியும் சடையும் வேண்டாம். மார்லி பின்பற்றிய, ஜமைக்காவில் பிறந்த ராஸ்தாஃபாரி சமய நெறியில் சடை என்பது விரதம். நம் கோயில் விழாவைக் கொண்டாடுகிறோம் என்று யாரோ பட்டை பட்டையாகத் திருநீறு பூசி, பிளாஸ்டிக் உருத்திராட்சம் மாட்டி வந்து நின்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அதேதான் இது. சுவரில் கஞ்சா இலைப் படம் ஒட்டும் யோசனை அடுத்து வரும், அதையும் தடுத்துவிடுங்கள். (ஜமைக்காக்காரர்கள் அதைக் கஞ்சா என்றே சொல்வதற்குக் காரணம் நம் பக்கத்து ஆட்கள்தான். 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போன இந்தியர்கள் கொண்டுசேர்த்த சொல் அது. ஆனால் அது வேறொரு மாலைக்கான கதை.)

அடுத்து எண்ணிக்கை. இருபத்தைந்து பாட்டுகள் கொண்ட பட்டியலை ஏற்கெனவே எழுதிவைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பத்துக்கு மேல் போகாதீர்கள். ஒவ்வொன்றையும் முழுதாக ஒலிக்கவிடுங்கள். நடுவில் வெட்டி, ‘இப்படியே போகும்’ என்று கையசைத்தால் வந்தவர்களுக்கு அது பின்னணி இரைச்சலாகிவிடும். மூன்றரை நிமிடப் பாட்டுக்கு முன் மூன்று நிமிடப் பேச்சு. பத்துப் பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகிவிடும். மீதி அரை மணி எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

வரிசையை ஆண்டுவாரியாக அடுக்க வேண்டாம் என்பதுதான் என் முக்கியமான ஆலோசனை. அடிமைக் கப்பலில் தொடங்கி, ப்ளூஸ் என்னும் சோகப் பாட்டு, காஸ்பெல் என்னும் தேவாலயப் பாட்டு, சோல், ரெகே என்று படிப்படியாக ஏறினால் மூன்றாவது படியிலேயே பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். அதைவிட, பாட்டுகளை இணை இணையாகப் போடுங்கள். அமெரிக்காவில் பிறந்த ஒரு சோல் பாட்டு, கடல் தாண்டி ஜமைக்காவிலோ லண்டனிலோ என்ன ஆனது என்பதை அடுத்தடுத்துக் கேட்கவைத்தால் வரலாற்றின் பாதியை நீங்கள் வாயால் சொல்லவே வேண்டாம்.

இந்தப் போக்குவரத்து கற்பனை அல்ல. 1950களில் ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனின் வீடுகளில், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ், மயாமி வானொலிகள் இரவில் எடுத்தன. தெருமுனைகளிலும் திறந்த வெளிகளிலும் ஆளுயர ஒலிபெருக்கிகளை அடுக்கி நடனக் கூட்டம் நடத்தியவர்களுக்குச் சவுண்ட் சிஸ்டம்காரர்கள் என்று பெயர். அவர்கள் அமெரிக்காவுக்கே போய் ரிதம் அண்ட் ப்ளூஸ் என்ற கறுப்பின நடன இசைத் தட்டுகளை வாங்கி வந்தார்கள். போட்டியாளர் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று தட்டின் நடுவிலிருக்கும் லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். பிறகு அமெரிக்காவின் ரசனை ராக் அண்ட் ரோல் பக்கம் திரும்பியது. இவர்களுக்கு வேண்டிய மாதிரித் தட்டுகள் வரத்துக் குறைந்தன. சரி, நாமே பதிவு செய்வோம் என்று இறங்கினார்கள். அப்படி வந்தது ஸ்கா என்ற துள்ளல் இசை. ஜமைக்கா 1962 ஆகஸ்டில் விடுதலை பெற்றபோது ஒலித்தது அதுதான். 1966 வாக்கில் வேகம் தணிந்து ராக்ஸ்டெடி ஆனது, 1968இல் ரெகே என்று பெயர் பெற்றது. இவ்வளவும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். லேபிளைச் சுரண்டிய கதையை மட்டும் விட்டுவிடாதீர்கள், பிள்ளைகளுக்கு அதுதான் நினைவில் நிற்கும்.

முதல் இணையாக நான் போடுவது ‘யங், கிஃப்டட் அண்ட் பிளாக்’ (இளமை, திறமை, கறுப்பு நிறம் மூன்றும் கொண்டவர் என்று பொருள்). இதற்கு முன்னுரையாக இந்த மாதம் எப்படி வந்தது என்பதைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் கார்ட்டர் வுட்சன் என்ற கறுப்பின வரலாற்றாசிரியர் 1926இல் பிப்ரவரியில் தொடங்கியது ஒரு வாரம். பின்னாளில் அது மாதமானது. பிரிட்டனில் அக்டோபர் மாதம், 1987 முதல். அதைத் தொடங்கிவைத்த கானா நாட்டவரான அக்யாபா அடாய்-சேபோ, அன்றைய நகர நிர்வாகமான கிரேட்டர் லண்டன் கவுன்சிலில் தம்முடன் வேலை செய்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண், கறுப்பின மக்களின் பெருந்தலைவர் மார்க்கஸ் கார்வியின் பெயரைத் தன் மகனுக்கு வைத்திருந்தார். ஒருநாள் இரவு படுக்கையில் அந்தச் சிறுவன் தாயிடம் கேட்டான்: நான் ஏன் வெள்ளையாக இல்லை? இதைச் சொல்லிவிட்டு வேறு எதுவும் பேசாமல் அமெரிக்கப் பாடகி நீனா சிமோனின் குரலை ஒலிக்கவிடுங்கள்.

1969இல் வந்த பாட்டு அது. ‘எ ரெய்சின் இன் த சன்’ நாடகத்தை எழுதிய லொரைன் ஹான்ஸ்பெர்ரி நீனாவின் தோழி. 1965இல் 34 வயதிலேயே புற்றுநோயால் இறந்துபோனார். இளம் எழுத்தாளர்களிடம் பேசும்போது ஹான்ஸ்பெர்ரி சொன்ன சொற்றொடரே பாட்டின் தலைப்பு. வரிகளை எழுதியவர் வெல்டன் இர்வைன். நீனா அதைப் பியானோவில், பிரார்த்தனைபோல மெல்ல எடுப்பார். அடுத்து உடனே பாப் ஆண்டியும் மார்சியா கிரிஃபித்ஸும் சேர்ந்து பாடிய ஜமைக்கா வடிவத்தைப் போடுங்கள். லண்டனில் வயலின்கள் சேர்த்து மெருகேற்றப்பட்டு, 1970இல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை போனது. முன்னதில் தேவாலயம் இருக்கிறது, பின்னதில் தெரு இருக்கிறது. பள்ளியில் ஏச்சு கேட்டு வீடு திரும்பிய கரீபியப் பிள்ளைகள் வானொலியில் இதைக் கேட்டபோது என்ன உணர்ந்திருப்பார்கள் என்று கூட்டத்திலுள்ள பெரியவர்களிடம் கேளுங்கள். யாரேனும் ஒருவர் பதில் சொல்வார்.

இங்கே நின்று தாளத்தை விளக்கிவிடுங்கள், கைதட்டவைத்தே விளக்கலாம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணச் சொல்லுங்கள். சோலில் கனமான அடி இரண்டிலும் நான்கிலும் விழும், கைதட்டலும் அங்கேதான். ரெகேயின் ‘ஒன் டிராப்’ தாளத்தில் ஒன்றாவது இடத்தில் டிரம் அடிக்கவே அடிக்காது. நாம் சமத்தில் தட்டிப் பழகியவர்கள். அந்த இடத்தில் மௌனம் வந்தால் கை தடுமாறும். பெரிய டிரம் மூன்றில் இறங்கும், கிடார் இரண்டிலும் நான்கிலும் வெட்டி வெட்டி விழும். மார்லியின் குழுவில் டிரம் வாசித்த கார்ல்ட்டன் பாரட் இதில் மன்னர். நாற்பது பேரும் ஒன்றில் கையைத் தூக்கிப்பிடித்து மூன்றில் தொடையில் தட்டட்டும். இரண்டு நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

அடுத்த இணை கொஞ்சம் தந்திரமானது. மார்லியின் ‘ஒன் லவ்’ பாட்டைக் கடற்கரை விடுமுறை விளம்பரமாகத்தான் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் சிகாகோவைச் சேர்ந்த இம்ப்ரெஷன்ஸ் குழுவின் ‘பீப்பிள் கெட் ரெடி’யைப் போடுங்கள். 1965, எழுதியவர் கர்ட்டிஸ் மேஃபீல்ட். அதில் வரும் ரயிலுக்குப் பின்னால் நீண்ட கதை உண்டு. தப்பியோடிய அடிமைகளுக்கு உதவிய இரகசிய வலைப்பின்னலை ‘நிலத்தடி ரயில்’ என்றுதான் அழைத்தார்கள். மூன்று குரல்கள் சேர்ந்து பாடும் அந்த முறையைக் கேட்டுக் கேட்டுத்தான் கிங்ஸ்டன் இளைஞர்கள் குரல் பழகினார்கள், மார்லியும் அவர்களில் ஒருவர். 1976 டிசம்பரில் வீட்டுக்குள் புகுந்து அவரைச் சுட்டார்கள். உயிர் பிழைத்து லண்டனுக்கு வந்து உருவாக்கிய தொகுப்பில், 1977இல், ‘ஒன் லவ்’ மீண்டும் வந்தது. ‘பீப்பிள் கெட் ரெடி’யிலிருந்து எடுத்த வரிகள் அதில் இருப்பதால் மேஃபீல்டின் பெயரும் பதிவானது. இந்த வரிசையில் கேட்ட பிறகு அந்தப் பாட்டு யாருக்கும் விளம்பரமாகத் தோன்றாது.

அமெரிக்க சோல் பாடகர் சாம் குக்கின் ‘எ சேஞ்ச் இஸ் கானா கம்’ (மாற்றம் வரப்போகிறது) தனியாக நிற்கட்டும், அதற்கு இணை தேட வேண்டாம். 1963 அக்டோபரில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில், முன்பதிவு செய்திருந்தும் அவருக்கு விடுதியில் அறை மறுத்தார்கள். தட்டிக்கேட்டதால் கைதானார். சில மாதங்களில் பதிவான பாட்டு அது. தனித்தட்டாக வெளிவந்தது 1964 டிசம்பரில். அப்போது அவர் சுட்டுக்கொல்லப்பட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அரீத்தா ஃபிராங்க்ளினின் ‘ரெஸ்பெக்ட்’டும் கட்டாயம் வேண்டும். ஓட்டிஸ் ரெடிங் 1965இல் ஆண் குரலில் கேட்ட மரியாதையை, 1967இல் அரீத்தா பெண்ணின் உரிமையாகத் திருப்பிப்போட்டார். எழுத்துக்கூட்டிப் பாடும் இடம் ஓட்டிஸின் வடிவத்தில் இல்லை, அரீத்தா சேர்த்தது. பிள்ளைகள் அங்கே கத்துவார்கள், கத்தட்டும்.

இப்போது லண்டன். பெரும்பாலான நிகழ்ச்சிகள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன, அதுதான் எனக்கு வருத்தம். 1975இல் லூயிசா மார்க் என்ற லண்டன் பள்ளிச் சிறுமி, நியூ ஆர்லியன்ஸ் பாடகர் ராபர்ட் பார்க்கரின் சோல் பாட்டான ‘காட் யூ இன் எ லை’யை ரெகேயில் பாடினார். ‘லவர்ஸ் ராக்’ என்று பின்னால் பெயர் பெற்ற பாணிக்கு அதுவே தொடக்கம் என்பார்கள். ஜமைக்காவின் ரெகே போர்க்குரல் எழுப்பிக்கொண்டிருந்த காலத்தில் இங்கே பிறந்த பெண்கள் காதலைப் பற்றிப் பாடினார்கள். 1979இல் ஜேனட் கேயின் ‘சில்லி கேம்ஸ்’ விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு ஏறியது. தயாரித்தவர் பார்படாஸில் பிறந்த டெனிஸ் போவெல். அந்தப் பாட்டின் உச்ச ஸ்தாயியை எட்டிப் பிடிக்க முயலாத பெண்ணே அந்தத் தலைமுறையில் இல்லை.

இந்தப் பாட்டுகள் ஒலித்தது வீடுகளில். நகரத்து நடன விடுதிகள் பலவற்றில் வாசலிலேயே கறுப்பின இளைஞர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அதனால் வீட்டின் கூடத்திலும் நிலவறையிலும் ஒலிபெருக்கி அடுக்கிக் கூடினார்கள். 1981 ஜனவரி 18 அதிகாலை தென்கிழக்கு லண்டனின் நியூ கிராஸில் ஒரு பிறந்தநாள் கூட்டத்தில் தீப்பிடித்து 13 இளைஞர்கள் இறந்ததும் அப்படியொரு வீட்டில்தான். அரசும் செய்தித்தாள்களும் காட்டிய அலட்சியத்தை எதிர்த்து மார்ச் 2 அன்று ஆயிரக்கணக்கானோர் நகரின் குறுக்கே நடந்தார்கள். கவிஞர் லிண்டன் குவேசி ஜான்சன் இதைக் கவிதையாக்கி ரெகேயோடு சொல்லியிருக்கிறார். எட்டு வயதுப் பிள்ளைகள் இருக்கும் கூட்டத்தில் நான் அதை ஒலிக்கவிட மாட்டேன். இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு ‘சில்லி கேம்ஸ்’ போடுவேன். பெரியவர்களுக்குப் புரியும்.

முடிவுக்கு, எதிர்த்திசையில் வந்த ஒரு பாட்டு: ஸ்டீவி வொண்டரின் ‘மாஸ்டர் பிளாஸ்டர்’, 1980. இதுவரை அமெரிக்கா பாடியதை ஜமைக்கா திருப்பிப் பாடியது. இங்கே டெட்ராய்ட்டில் வளர்ந்த சோல் மேதை மார்லிக்கு மரியாதையாக ரெகே பாடுகிறார். அந்த ஆண்டு ஏப்ரலில் விடுதலையடைந்த ஜிம்பாப்வேயும் பாட்டில் வருகிறது. அந்த விடுதலை இரவில் தலைநகரில் (இன்றைய ஹராரே) பாடியவர் மார்லி. நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு எல்லோரையும் ஆடவிடுங்கள்.

மிச்சம் வைத்த அரை மணி உங்களுடையது அல்ல. உங்கள் வட்டாரத்தில் ஜமைக்கா, பார்படாஸ், டிரினிடாட் பக்கத்துப் பெரியவர்கள் கட்டாயம் இருப்பார்கள், அருகிலுள்ள தேவாலயத்தில் விசாரியுங்கள். இருவரை அழைத்து, அவர்கள் வீட்டிலுள்ள ஓர் இசைத்தட்டைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். ‘இனவாதத்தைப் பற்றிப் பேசுங்கள்’ என்று கேட்காதீர்கள். ‘இந்தத் தட்டை எந்தக் கடையில், என்ன விலைக்கு வாங்கினீர்கள், அன்று யாரோடு ஆடினீர்கள்’ என்று கேளுங்கள். மற்றதெல்லாம் தானாக வரும். சிரமம் பாராமல் வந்து பேசுகிறவருக்கு நூலகம் ஒரு தொகை கொடுப்பதும் முறை.

கருவி விஷயம். மடிக்கணினி ஒலிபெருக்கியில் ரெகே போடாதீர்கள். நான் ஒருமுறை ஒரு சமூகக் கூடத்தில் அந்தத் தவறைச் செய்திருக்கிறேன். பேஸ் கிடாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிப்பது. அந்தச் சின்னப் பெட்டிக்கு அது எட்டவே எட்டாது. பாட்டின் முதுகெலும்பு காணாமல் போய், கிடாரின் ‘சக் சக்’ மட்டும் மிஞ்சியது. கேட்டவர்கள் மரியாதைக்காக உட்கார்ந்திருந்தார்கள். திருமண நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைப்பு வாடகைக்குத் தருகிறவர்களிடம் இரண்டு ஒலிபெருக்கியும், அடி ஒலிக்கென்றே உள்ள சப்வூஃபர் பெட்டி ஒன்றும் கேளுங்கள். சப்வூஃபரை மூலையில் வைத்தால் அடி ஒலி இன்னும் திரண்டு வரும்.

உரிமம்: பதிவு செய்த இசையைப் பொது இடத்தில் ஒலிக்கவிட பிபிஎல் பிஆர்எஸ் நிறுவனத்தின் இசை உரிமம் தேவை. நூலகத்துக்கு ஏற்கெனவே இருக்கலாம், மேலாளரிடம் எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். நீங்கள் மாதச் சந்தா கட்டும் இசைச் செயலி வீட்டுக்கு மட்டுமே. அதன் விதிமுறையே அப்படித்தான். பத்துப் பாட்டுகளையும் விலைக்கு வாங்கி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், செலவு ஒரு பீட்சா அளவுதான் ஆகும். கைப்பேசியிலிருந்துதான் ஒலிக்கவிடுவேன் என்றால் முதலில் அதை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். சாம் குக் உச்சத்தில் நிற்கும்போது அக்காவிடமிருந்து அழைப்பு வந்தால், சப்வூஃபரில் அதுவும் பிரமாதமாகத்தான் கேட்கும்.