இரவு இரண்டு மணி முறை

கேள்வி: எனக்கு 26 வயது. உடுமலைப்பேட்டைப் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். பொறியியல் படித்துவிட்டுக் கோவையில் வேலை பார்த்தேன். ஆட்குறைப்பில் வேலை போய், பதினான்கு மாதமாக வீட்டில் இருக்கிறேன். இரவில் ‘கேலக்டிக் சிவிலைசேஷன்ஸ் 2’ என்ற விண்வெளி விளையாட்டை ஆடுகிறேன். சண்டை போட்டு ஜெயிப்பது எனக்குப் பிடிக்காது. பணத்தை முழுக்க ஆராய்ச்சிக்கே ஒதுக்கி, கடைசித் தொழில்நுட்பத்தைக் கண்டுபிடித்து ஜெயிக்கப் பார்க்கிறேன். கரை சேரும் நேரத்தில் பக்கத்து இனத்தான் படையெடுத்து வந்து அழித்துவிடுகிறான். அதில் மூழ்கினால் நேரம் போவதே தெரியாது. வாய்க்காலில் எங்கள் முறைக்கு வரும் தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்ப அப்பா மண்வெட்டியை எடுக்கும் சத்தம் கேட்டால்தான் மணி இரண்டு ஆகிவிட்டது என்று தெரியும். நான் குடிப்பதில்லை, ஊர் சுற்றுவதில்லை. ஆனாலும் அப்பா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். தென்னையில் வெள்ளை ஈ விழுந்து வருமானமும் படுத்துவிட்டதால் வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல். இது வீண்பொழுது அல்ல, மூளைக்கு வேலை என்று அப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிது இல்லை. ஒருவருக்குக் கிரிக்கெட், ஒருவருக்குப் பங்குச் சந்தை, உங்களுக்கு விண்வெளி. எல்லாக் கடிதத்திலும் ‘நான் குடிப்பதில்லை’ என்ற வரி மட்டும் தவறாமல் இருக்கும். குடிக்காமல் இருப்பதற்கு எந்த வீட்டிலும் தனியாகக் கூலி கிடையாது. வேலை போனதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். அது உங்கள் கையில் இல்லை. விளையாட்டு நல்லதா கெட்டதா என்ற வழக்குக்கும் நான் வரவில்லை.

என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த மண்வெட்டிச் சத்தம். நேரம் போவதே தெரியாது என்பதற்குச் சாட்சியாக, போகிற போக்கில் அதை எழுதியிருக்கிறீர்கள். நான் மூன்று தரம் படித்தேன். பெற்ற தகப்பன் நடுச்சாமத்தில் எழுந்து, விளக்கைத் தேடி, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் இறங்குகிறார். 26 வயது மகன் அந்தச் சத்தத்தை மணி பார்க்கப் பயன்படுத்திக்கொள்கிறான். மணி தெரிந்த பிறகு என்ன செய்தீர்கள்? எழுந்தீர்களா? வாசல்வரை போனீர்களா? ‘நீங்கள் படுங்கள் அப்பா, நான் போகிறேன்’ என்று ஒரு நாளாவது சொன்னீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. சொல்லியிருந்தால் எழுதாமல் விட்டிருக்க மாட்டீர்கள்.

முறைத் தண்ணீர் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் 1961-இல் தொடங்கியது. மலையிலிருந்து 49 கிலோமீட்டர் காண்டூர் கால்வாய் வழியாகத் திருமூர்த்தி அணைக்கு வருகிற தண்ணீரை, நான்கு மண்டலமாகப் பிரித்துச் சுற்று வைத்து விடுகிறார்கள். மண்டலத்துக்கு முறை வந்து, வாய்க்காலுக்கு வந்து, உங்கள் மடைக்கு வரும்போது அது இரவு இரண்டு மணி என்றால் இரண்டு மணிதான். அந்த நேரத்தில் மடையில் ஆள் நிற்காவிட்டால் தண்ணீர் அடுத்தவன் காட்டுக்குப் போய்விடும். போனது போனதுதான்.

சிறுமியாக நான் என் அப்பாவுக்கு ராந்தல் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். வறண்டு கிடக்கிற வாய்க்காலில் முதலில் தண்ணீர் தெரியாது, சத்தம்தான் வரும். காய்ந்த சருகும் குச்சியும் நுரையுமாக ஒரு கோடு உருண்டு வரும், அதன் பின்னால் கறுப்பாகத் தண்ணீர். அப்பா குனிந்து கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மடையில் மண்ணை வெட்டுவார். ஒருமுறை மேல்மடைக்காரர் பாதியில் அடைத்துவிட, அப்பா இருட்டில் கரையேறி ஓடினார். ராந்தலை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நான் தனியாக நின்றேன். இத்தனை ஆண்டு கழிந்தும் அந்தப் பயம் என் வயிற்றில் இருக்கிறது. உங்கள் அப்பாவோடு ராந்தல் பிடிக்கக்கூட ஆள் இல்லை. வரப்பில் பாம்பு கிடக்கும், பாசியில் கால் வழுக்கும். அவர் விழுந்தால் விடியும்வரை யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? மண்வெட்டி எடுக்கிற சத்தம் கேட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திரும்ப வைக்கிற சத்தம் எத்தனை மணிக்குக் கேட்டது என்று எழுதவில்லை.

இப்போது உங்கள் விளையாட்டுக்கு வருகிறேன். என் தங்கை மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதை எனக்கு ஆடிக் காட்டினான். 2006-இல் வந்த விளையாட்டாம். படைக்கு எவ்வளவு, கட்டுமானத்துக்கு எவ்வளவு, ஆராய்ச்சிக்கு எவ்வளவு என்று செலவைப் பிரிக்கத் திரையில் ஏற்றி இறக்குகிற மூன்று கம்பி இருக்கிறது. மூன்றும் சேர்ந்து நூறு. ஒன்றை ஏற்றினால் மற்றது இறங்கும். நீங்கள் ஆராய்ச்சியை நூறில் வைக்கிறீர்கள். அப்படியானால் கப்பல் கட்ட ஒரு காசு இல்லை, புதுக் கட்டடத்துக்கும் இல்லை. படை இல்லாதவனைப் பக்கத்தில் இருக்கிறவன் எடை போட்டுவிட்டு வருகிறான். ஆராய்ச்சியால் ஜெயிக்க நினைப்பவனும் எல்லையில் கப்பல் நிறுத்தத்தான் வேண்டும், கண்டுபிடித்ததில் ஒன்றிரண்டை அண்டை அயலாருக்குக் கொடுத்து உறவு வைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தப் பையன் சொன்னான். நீங்கள் திரும்பத் திரும்பத் தோற்பதற்குக் காரணம் இதுதான். உங்கள் வீட்டிலும் நீங்கள் நூறையும் உங்கள் பக்கமே வைத்திருக்கிறீர்கள். எல்லையில் நிற்பதற்கு 60 வயதை ஒட்டிய ஒரு மனிதர் முறை வருகிற இரவெல்லாம் தன் தூக்கத்தைக் கொடுக்கிறார். அந்தத் துணிச்சலில்தான் உங்களுக்குச் சண்டை பிடிக்கவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். ஆராய்ச்சி என்றால் அவ்வளவு ஆசை என்கிறீர்களே, தென்னையில் வெள்ளை ஈ என்பதை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். அந்தச் சுருள் வெள்ளை ஈ தமிழ்நாட்டில் முதலில் தென்பட்டதே 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம்தான். ஓலைக்கு அடியில் வெள்ளையாகச் சுருள் சுருளாக முட்டையிடும். அது கழிக்கிற தேன் போன்ற பிசினில் கரும்பூசணம் படர்ந்து, கீழ் ஓலை கரி பூசியது மாதிரி ஆகிவிடும். கண்ட மருந்தையும் அடித்தால் அதைத் தின்கிற பூச்சியும் சேர்ந்து செத்துப்போகும். என்கார்சியா என்று ஒரு சின்னஞ்சிறு குளவி அந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்கிறது. அந்தக் குளவியின் கூட்டுப்புழு இருக்கிற ஓலைத் துண்டை வெட்டி வந்து, ஈ விழுந்த மரத்தில் வைக்கச் சொல்கிறார்கள். மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டலாம், ஓலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கலாம். எந்த மரத்தில் எத்தனை ஓலையில் குளவி பிடித்திருக்கிறது என்று வாரம் ஒருமுறை எண்ணி நோட்டில் எழுத ஓர் ஆள் வேண்டும். இரவெல்லாம் எண்களைப் பார்த்துக்கொண்டு உட்காரத் தெரிந்த உங்களைவிட அந்தத் தோப்பில் யார் இருக்கிறார்கள்?

அப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது என்று கேட்டீர்கள். அவருக்கு எதையும் புரியவைக்க வேண்டாம். பேச்சைக் குறைத்த தகப்பன் கோபத்தில் குறைத்தார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உதவி கேட்டு, மகன் இல்லை என்று சொல்லிவிடுவானோ என்ற கூச்சத்தில்தான் பல பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள். எங்கள் பக்கத்துத் தகப்பன்மார் மகனிடம் ‘எனக்கு முடியவில்லை’ என்று சொல்லிக் கேட்டதில்லை. மகன் தானாகப் பார்க்க வேண்டும். சம்பாதிக்கிற மகனுக்கும் அது கடமை, வேலை போன மகனுக்கும் அது கடமை.

உங்கள் விளையாட்டு முறை முறையாகப் போகிறது. நீங்கள் அடுத்த பொத்தானை அழுத்தும்வரை அந்த விண்வெளி முழுக்க அப்படியே நிற்கும்; வாய்க்கால் நிற்காது. ஆகவே அடுத்த சுற்று வருகிற இரவு, ஒரு மணிக்கே ஆட்டத்தைச் சேமித்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணையுங்கள். திண்ணையில் வந்து உட்காருங்கள். மண்வெட்டியை நீங்கள் எடுங்கள். சத்தம் கேட்டு அப்பா எழுந்து வந்தால் விளக்கம் ஒன்றும் சொல்ல வேண்டாம். மடையில் எந்த இடத்தில் வெட்டுவது, எதை வைத்து அடைப்பது என்று மட்டும் கேளுங்கள். அவர் கூடவே வருவார். முதல் நாள் வரட்டும், கரையில் உட்காரட்டும். இரண்டாம் நாள் தூங்கச் சொல்லுங்கள்.

பிறகு எனக்கு எழுதுங்கள். கடைசி மரத்து வட்டப்பாத்திக்குத் தண்ணீர் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்று அதில் இருக்க வேண்டும்.