வரி இல்லாமல் நிற்கிற பாட்டு

கேள்வி: எங்கள் பங்குத் திருவிழாவில் எட்டாம் நாள் இரவு பேண்டு கச்சேரி. கிளாரினெட், சாக்ஸ், டிரம்பெட், யூபோனியம், டியூபா எல்லாம் சேர்த்து 22 பேர். எல்லோருக்கும் பிடித்த ஹிட் பாட்டுகளாக 25 சொல்லுங்கள். பாறசாலைப் பக்கத்திலிருந்தும் ஆள் வரும் என்பதால் மலையாளப் பாட்டும் சேர்க்கலாமா? கமிட்டியில் சிலர் வேண்டாம் என்கிறார்கள்.
— வாசகர், களியக்காவிளை

பதில்: பட்டியல் தரமாட்டேன். ஹிட், ஹிட் என்கிறீர்களே, எதனால் ஹிட் என்று உங்கள் கமிட்டியில் யாராவது கேட்டார்களா? வரியால் ஹிட்டான பாட்டு உண்டு. பாடியவரின் குரலால் ஹிட்டானது உண்டு. ஹீரோ நடந்து வந்த நடையால் ஹிட்டானதும் உண்டு. பேண்டில் வரி இல்லை, குரல் இல்லை, திரையும் இல்லை. மிச்சம் இருப்பது மெட்டு ஒன்றுதான். ஒரே ஸ்வரத்தில் நின்றுகொண்டு வார்த்தையை மட்டும் அடுக்கிக்கொண்டு போகிற பாட்டை டிரம்பெட்காரரிடம் கொடுத்துப் பாருங்கள். தியேட்டரில் விசில் பறந்த அதே இடத்தில் 'பா பா பா பா' என்று ஒரே சத்தம்தான் வரும். அவர் மேல் குற்றமில்லை. வாசிக்க அதில் ஒன்றும் இல்லை.

அதனால் வாயை மூடிக்கொண்டு பாட்டை முனகிப் பாருங்கள். வீட்டில் இருக்கிற பாட்டியும் பத்தாம் வகுப்புப் பேரனும் முதல் வரி முடிவதற்குள் கண்டுபிடித்துவிட்டால் அது பேண்டுப் பாட்டு. இப்படிச் சலித்தால் உங்கள் 25 பாட்டில் பாதிக்கு மேல் நிற்காது. பன்னிரண்டு நின்றால் தாராளம். ஊதுகிறவர்களுக்கு உதடு என்று ஒன்று இருக்கிறது. பன்னிரண்டுக்கு மேல் ஏற்றினால் கடைசிப் பாட்டுகளில் ஸ்ருதி அவர்கள் கையில் இருக்காது.

அப்புறம், இரண்டாவது சரணத்தை வெட்டுங்கள். பெரும்பாலான சினிமாப் பாட்டில் இரண்டு சரணத்துக்கும் மெட்டு ஒன்றேதான், வார்த்தைதான் வேறு. வார்த்தை இல்லாத இடத்தில் அதையே எதற்குத் திரும்ப ஊத வேண்டும்? வெட்ட மனசு வரவில்லை என்றால் கிளாரினெட்டிடமிருந்து பிடுங்கி யூபோனியத்துக்குக் கொடுங்கள், அதே மெட்டு வேறு ஆளாகக் கேட்கும். ஆனால் இடையிசையில் ஒரு இம்மிகூடக் கை வைக்காதீர்கள். பேண்டுக்கு அதுதான் விருந்து. இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டார் அடியில் தனியாக ஒரு மெட்டு போட்டுக்கொண்டு போகும். அதை அப்படியே டியூபாவுக்கு எழுதிக் கொடுங்கள். அவ்வளவு கனமான வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க 'பூம், பூம்' என்று மட்டும் ஊதுகிற மனிதரை நம் ஊர்ப் பேண்டுகளில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அவருக்கும் பாட்டு வேண்டாமா?

சுருதி விஷயம். பாட்டு 3 கட்டையில், அதாவது E சுருதியில், இருந்தால் நோட்டு எழுதுகிறவர் அப்படியே எழுதிவிடுகிறார். இந்த வாத்தியங்களுக்கு நோட்டை வேறு சுருதிக்கு மாற்றித்தான் எழுத வேண்டும், அதனால் கிளாரினெட்காரர் பக்கத்தில் அது ஆறு ஷார்ப்பாக (அரை ஸ்வரம் ஏற்றும் குறி) வந்து விழும், ஆல்டோ சாக்ஸுக்கு ஏழு. பழகின கைகூடத் தடுமாறும். அரைக் கட்டை இறக்கி 2½-ல் எழுதச் சொல்லுங்கள். கிளாரினெட்டுக்கு ஒரே ஒரு பிளாட் (அரை ஸ்வரம் இறக்கும் குறி), சாக்ஸுக்கு ஷார்ப்பும் இல்லை, பிளாட்டும் இல்லை. கேட்கிறவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட வித்தியாசம் தெரியாது, வாசிக்கிறவர்களோ உங்களைக் கும்பிடுவார்கள். குழைவு அதிகம் உள்ள பாட்டு என்றால் டிரம்பெட்டின் வால்வுகளை நம்பாதீர்கள். ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டிலும் கத்ரி கோபால்நாத் சாக்ஸிலும் கமகம், அதாவது ஸ்வரத்தைக் குழைத்து அசைப்பது, எப்படி வரும் என்று வாழ்நாள் முழுக்க வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பாட்டுகளை அந்த இரண்டு வாத்தியங்களுக்கே விடுங்கள், மற்றவர்கள் அடியில் சுருதி பிடிக்கட்டும். டிரம்பெட் உச்சத்துக்குப் போகிற பாட்டைக் கடைசியில் வைக்கிற வழக்கத்தையும் விடுங்கள். நான்காவதாக வையுங்கள், உதடு அப்போதுதான் சூடாகி இருக்கும், களைத்திருக்காது.

கீபோர்டு வேண்டவே வேண்டாம். இந்தப் பக்கத்தில் பல தடவை எழுதி, சில கீபோர்டு நண்பர்கள் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். பரவாயில்லை. மூச்சு விட்டு வாசிக்கிற 22 பேருக்கு நடுவில் மூச்சே தேவைப்படாத ஒரு பெட்டியை வைத்து, அதற்கு மட்டும் பெரிய ஸ்பீக்கரும் கட்டினால், ஊதுகிறவர்கள் எதற்கு?

மலையாளப் பாட்டுக்கு வருகிறேன். வேண்டாம் என்கிற கமிட்டிக்காரர்கள் கூட்டம் தொடங்கும்போது தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எழுந்து நிற்கிறார்கள் அல்லவா? எழுதிய மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை 1855-ல் ஆலப்புழையில் பிறந்தவர், திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்தவர். மெட்டுப் போட்ட எம்.எஸ். விஸ்வநாதன் பாலக்காட்டு எலப்புள்ளிக்காரர். 1956 நவம்பர் 1 வரை குமரி மாவட்டத்துக்காரர்களான நாமே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தோம். அவ்வளவு ஏன், கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரே சென்னைக் கோட்டை பேண்டு வாசித்த வெள்ளைக்கார மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற மெட்டில் 'சந்ததம் பாஹிமாம்' என்று தொடங்கும் பாட்டைச் செய்தார். அவர் 1835-ல் காலமான எட்டயபுரம் நமக்கு ஒன்றும் தூரமில்லை. நோட்டு ஸ்வரங்கள் என்று சொல்லப்படும் அவருடைய அந்தப் பாட்டுகள் பேண்டிலிருந்து வந்தவை, சங்கராபரண ராகத்தில் குழைவில்லாத நேரான ஸ்வரங்களாக இருப்பவை. உங்கள் டிரம்பெட்டுக்குத் தைத்த சட்டை மாதிரி பொருந்தும். ஒன்றை முதல் பாட்டாக வையுங்கள். அவர் அத்தனை தூரத்து மெட்டை வாங்கிப் பாடியிருக்கிறார், பாறசாலையிலிருந்து பாட்டு வரக்கூடாது என்று நாம் சொல்வதா? பன்னிரண்டில் நான்கு மலையாளம் இருக்கட்டும். அதே முனகல் சோதனையில் அவையும் தேற வேண்டும்.

கடைசியாக, கேட்காத ஒன்று. பாட்டுக்குப் பாட்டு மைக்கைப் பிடுங்கி வாழ்த்துரை, பொன்னாடை, நன்கொடையாளர் பெயர் என்று கால் மணி நேரம் ஓட்டுகிற பழக்கம் நம் திருவிழா மேடைகளில் இருக்கிறது. ஊதிக்கொண்டே இருந்தால்தான் வாத்தியம் சூடாக இருக்கும். ராத்திரிக் குளிர்காற்றில் சும்மா கிடந்தால் உள்ளே இருக்கிற காற்று ஆறி சுருதி இறங்கிவிடும், அதுவும் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒவ்வொரு அளவில். அடுத்த பாட்டு எடுத்ததும் பிசிறும். ஜனங்கள் திட்டுவது பேண்டுக்காரர்களைத்தான். உதடு ஆற இரண்டு நிமிடம் போதும். பொன்னாடைகள் எல்லாவற்றையும் கச்சேரி தொடங்கும் முன்பே போட்டு முடித்துவிடச் சொல்லுங்கள்.